எஞ்சின் பாகச் சோதனைப் பணிப்புரை சிக்கும்போது: அறிகுறி வழியே காரணம் காண்பது

இரத்மலானையில் பயிற்சி விமானங்களோடும் கட்டுநாயக்கவில் பயணிகள் விமானங்களோடும் வேலை செய்யும் தொழினுட்பவியலாளர்கள், புதிய பறப்புத் தகுதிப் பணிப்புரை ஒன்று மேசைக்கு வந்ததும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். இது எங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா, எந்தத் திகதிக்குள் முடிக்க வேண்டும், முடித்ததை எதைக் கொண்டு நிறுவுவது என்பவையே அவை. வேலைத்தளத்தில் 'ஏ.டி.' என்று அழைக்கப்படும் இந்தப் பணிப்புரை சட்ட வலுவுள்ள கட்டளையாகும். அமெரிக்கக் கூட்டாட்சி ஒழுங்குவிதிகளின் 14ஆம் தலைப்பில் வரும் 39ஆம் பகுதி, பணிப்புரைக்கு அமையாத விமானத்தை இயக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மீறல் என்று கூறுகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 8ஆம் இணைப்போ, வடிவமைப்பு நாட்டிலிருந்து வரும் இத்தகைய கட்டாயத் தகவலைப் பதிவு நாடு அப்படியே ஏற்க வேண்டும், அல்லது மதிப்பிட்டுத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 4ஆர் என்ற அடையாளத்துடன் பறக்கும் விமானத்துக்குப் பதிவு நாடு இலங்கை என்பதால், விமானத்தை இயக்குபவர் பதில் சொல்ல வேண்டிய இடம் இலங்கை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை.

பழுதை அறிகுறியிலிருந்து தேடுவது போலவே கீழுள்ள சிக்கல்களும் அறிகுறியிலிருந்தே தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முடிச்சு விழுபவை: பணிப்புரை பின்தொடர்வது தொடர் இலக்கமுள்ள பாகத்தை, நாம் கோப்பு வைத்திருப்பதோ எஞ்சினுக்கும் விமானத்துக்கும்.

எஞ்சின் இலக்கம் பட்டியலில் இல்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை

சந்தேகம் நியாயமானது. பொருந்தும் எல்லை பற்றிய பந்தியைக் கடைசி வரி வரை வாசிக்காமல் 'பொருந்தாது' என்று பதிவேட்டில் எழுதிவிடுவதுதான் இத்துறையில் மிக மலிவாகக் கிடைக்கும் பிழை. சிறு விமானங்களில் பூட்டப்படும் லைக்கொமிங் எஞ்சின்கள் தொடர்பாக அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட 2017-16-11 இலக்கப் பணிப்புரையை எடுத்துக்கொள்வோம். இணைப்புத் தண்டின் சிறிய முனையிலுள்ள புஷ் (உருளை வடிவ உள்ளுறை) இடம் நகர்ந்து, தண்டு முறிந்து, எஞ்சின் பறப்பிலேயே நின்றுவிடலாம் என்பதே அதில் சொல்லப்பட்ட ஆபத்து. குறித்த தொடர் இலக்கங்களையுடைய எஞ்சின்களோடு அது நிற்கவில்லை. 2015 நவம்பர் 15 முதல் 2016 நவம்பர் 8 வரையான காலத்தில் தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்ட குறித்த உதிரிப்பாகங்களைப் பூட்டித் திருத்திய எஞ்சின்களையும் உள்ளே இழுத்தது. ஆகவே முப்பது வருடம் பழைய எஞ்சின்கூட, அந்தக் காலத்தில் வந்த புஷ்ஷுடன் ஓவர்ஹோல் (முழுதும் பிரித்துப் புதுப்பித்தல்) செய்யப்பட்டிருந்தால், தப்பாது.

இந்நிலையில் முதலில் எடுக்க வேண்டியது லொக் புத்தகம் அன்று, கடைசி ஓவர்ஹோலின் வேலைக் கட்டளையும் அதனோடு இணைத்த உதிரிப்பாகப் பட்டியலுமாகும். அதில் பாக இலக்கம் பொருந்தினால், அடுத்து அனுப்பிய திகதியைத் தேட வேண்டும். இங்கே ஓர் இடறல் உண்டு. கொழும்பு இறக்குமதியாளரின் விலைச்சிட்டையில் இருப்பது அவர் விற்ற திகதி. தொழிற்சாலை அனுப்பிய திகதி விடுவிப்புச் சான்றிதழிலோ உற்பத்தியாளரின் அனுப்பீட்டுத் தாளிலோதான் இருக்கும். இரண்டு திகதிக்கும் இடையில் பாகம் களஞ்சியத் தட்டில் ஒரு வருடம் தூங்கியிருக்கலாம். திகதியை எவ்வகையிலும் நிறுவ முடியாவிட்டால் பாகம் சந்தேகத்துக்குரியது என்று கொண்டு சோதிப்பதே வழி. சோதனைக்குச் செலவாகும் சில மணி நேரம், பின்னர் தணிக்கையாளர் முன் வாதாடுவதை விட மலிவானது.

பணிப்புரை இருப்பதாகக் கேள்வி, தேடினால் கிடைக்கவில்லை

தவறான நாட்டின் பட்டியலில் தேடுகிறீர்கள். எஞ்சினின் வடிவமைப்புச் சான்றிதழை வைத்திருப்பவர் எந்த நாட்டவர் என்பதே கேள்வி. கடல்நீரேரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இறங்கும் செஸ்னா காரவான் சிறு விமானத்தின் உடல் அமெரிக்க வடிவமைப்பு, அதன் பி.டி.6ஏ எஞ்சின் கனேடிய வடிவமைப்பு. ரோல்ஸ் ரொய்ஸின் ட்ரென்ட் எஞ்சின்கள் இங்கிலாந்தின் டார்பியில் உருவானவை என்று பிரித்தானியப் பட்டியலைத் திறப்பவர் ஏமாறுவார். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது அவற்றின் வடிவமைப்புப் பொறுப்பு ஜெர்மனியிலுள்ள துணை நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதால், அவற்றுக்கான பணிப்புரைகள் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரமான இயாசாவிடமிருந்தே வருகின்றன. 2024 செப்டெம்பரில் ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்ட ஏ350-1000 விமானத்தின் ட்ரென்ட் எக்ஸ்.டபிள்யூ.பி.-97 எஞ்சினில் எரிபொருட் குழாய் சேதமடைந்தபோது, எரிபொருட் குழாய்களைச் சோதிக்கச் சொல்லும் அவசரப் பணிப்புரையை மூன்றே நாட்களில் வெளியிட்டதும் இயாசாதான்.

சைக்கிள் கணக்கு ஒரு கோப்பில் ஒன்று, மற்றதில் வேறொன்று

இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. எஞ்சினை இயக்கி, மேலெழுந்து, இறங்கி, நிறுத்துவது ஒரு சைக்கிள். சுழலும் பிளேட்டுகளும் அவற்றைத் தாங்கும் டிஸ்க்குகளும் களைப்படைவது பறந்த மணித்தியாலங்களால் அன்றி இந்தச் சைக்கிள்களால் என்பதால், பெரிய எஞ்சின்களின் பணிப்புரைகள் சைக்கிளிலேயே பேசுகின்றன. சென்னைக்கும் மாலைதீவின் மாலே நகருக்கும் ஓடும் விமானம் நாளொன்றுக்குச் சேர்க்கும் சைக்கிள்களையும், இலண்டனுக்கு ஓடும் விமானம் சேர்ப்பவற்றையும் ஒப்பிட்டால் மணித்தியாலக் கணக்கு ஏன் உதவாது என்பது விளங்கும்.

2018 ஏப்ரல் 17இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவசரமாகத் தரையிறங்கிய போயிங் 737 விமானத்தில், சி.எஃப்.எம்.56-7பி எஞ்சினின் விசிறிப் பிளேட் ஒன்று அடிவேரில் களைப்பு வெடிப்பால் (திரும்பத் திரும்ப வரும் விசையால் உண்டாகும் விரிசலால்) முறிந்து பயணி ஒருவர் உயிரிழந்தார். அந்தப் பிளேட் 32,636 சைக்கிள்களைக் கடந்திருந்தது. மூன்று நாட்களில் வெளிவந்த 2018-09-51 இலக்க அவசரப் பணிப்புரை, 30,000 சைக்கிள்களைத் தாண்டிய எஞ்சின்களின் 24 பிளேட்டுகளையும் 20 நாட்களுக்குள் மீயொலியால் சோதிக்கச் சொன்னது. பின்னர் வந்தவை தொடக்க எல்லையை 20,000 சைக்கிள்களுக்கும், மறுசோதனை இடைவெளியை முதலில் 3,000க்கும் பின்பு 1,600க்கும் இறக்கின. ஏ320 விமானங்களில் உள்ளது இதே குடும்பத்தின் 5பி என்பதால் அந்தப் பணிப்புரை அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கணக்கு எங்கே தடுமாறும் என்பது எல்லா எஞ்சினுக்கும் ஒன்றுதான். பறவை மோதிப் பிளேட் கெட்டால் வேறோர் எஞ்சினின் பிளேட் அங்கே வந்து பூட்டப்படும். அன்றிலிருந்து எஞ்சினின் சைக்கிளும் அந்தப் பிளேட்டின் சைக்கிளும் வெவ்வேறு. பதிவேட்டு மென்பொருளில் எஞ்சினின் எண்ணைப் பிளேட்டுக்கும் தானாகவே நிரப்பும் வசதி இருந்தால், பிழை எந்தச் சத்தமும் இல்லாமல் நுழைந்துவிடும்.

சரிபார்க்கும் ஒழுங்கு இதுதான். பிளேட்டின் தொடர் இலக்கத்தைக் கண்ணால் வாசித்து எழுதுங்கள். பதிவேட்டிலிருந்து பிரதி செய்ய வேண்டாம். பின்னர் அந்த இலக்கம் எந்தெந்த எஞ்சினில் எந்தச் சைக்கிளில் பூட்டப்பட்டது, எந்தச் சைக்கிளில் கழற்றப்பட்டது என்ற சோடிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு சோடியின் வித்தியாசத்தையும் கூட்டுங்கள். ஒரு சோடியில் கழற்றிய எண் இல்லாமல் போனால் கணக்கு அங்கே நின்றுவிட வேண்டும். ஊகித்து நிரப்பப்பட்ட எண், அடுத்த பத்து வருடமும் உண்மை எண்ணாகவே நடமாடும்.

உந்துவிசைத் தரம் மாறிய எஞ்சினில் இன்னொரு படி உண்டு. ஒரே டிஸ்க்குக்குக் குறைந்த தரத்தில் ஓர் ஆயுளும் கூடிய தரத்தில் வேறோர் ஆயுளும் விதிக்கப்பட்டிருந்தால், செலவான ஆயுளை விகிதமாகக் கூட்ட வேண்டும். விளக்கத்துக்காக எண்களைக் கற்பித்துக்கொள்வோம்: குறைந்த தரத்தில் 20,000, கூடிய தரத்தில் 15,000 சைக்கிள் ஆயுளுள்ள டிஸ்க், முதலாவதில் 8,000மும் இரண்டாவதில் 6,000மும் ஓடியிருந்தால், ஒவ்வொன்றிலும் 40 வீதம் செலவாகி 20 வீதம் எஞ்சுகிறது. கூடிய தரத்திலேயே தொடர்ந்தால் மிச்சம் 3,000 சைக்கிள். 15,000இலிருந்து 14,000ஐக் கழித்து வரும் 1,000 அன்று, 20,000இலிருந்து கழித்து வரும் 6,000மும் அன்று. இரண்டு கோப்புகள் இரண்டு எண்களைக் காட்டினால், ஒருவர் விகிதத்தையும் மற்றவர் வெறும் கழித்தலையும் பயன்படுத்தினார்களா என்று பார்ப்பது பெரும்பாலும் பயன் தரும்.

'எது முந்தியதோ', 'எது பிந்தியதோ': கெடு எப்போது என்று இருவருக்கு இரண்டு விடை

பணிப்புரை இரண்டு எல்லைகளைக் கொடுத்து, அவற்றில் 'எது பிந்தியதோ' அதுவே கெடு என்பது பெரும்பாலும் முதற் சோதனைக்கு வரும். எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்ட பாகங்களை நடைமுறைத் திகதியன்றே நிறுத்திவிடாமல், ஒரு சிறு அவகாசம் கொடுப்பதற்காக எழுதப்படுவது. 'எது முந்தியதோ' என்பது மறுசோதனைக்கு வரும். இரண்டு கடிகாரங்களில் எதுவும் தப்பவிடாமல் இருப்பதற்கானது. இந்த நோக்கத்தை மனத்தில் வைத்து வாசித்தால் குழப்பத்தில் பாதி நீங்கும். எஞ்சிய பாதி, காலம் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது: நடைமுறைத் திகதியிலிருந்தா, பணிப்புரை கிடைத்த நாளிலிருந்தா, கடைசிச் சோதனையிலிருந்தா, பாகம் புதிதாக இருந்த நாளிலிருந்தா.

இரத்மலானைக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். கோணம் மாற்ற முடியாத சுழலியுடன் ஓடும் நான்கு சிலிண்டர் லைக்கொமிங் எஞ்சின்கள் பலவற்றுக்கு, மாற்றித் தண்டின் (கிராங்க் ஷாஃப்ட்) உட்துளையில் துருக் குழி உண்டா என்று பார்க்கச் சொல்லும் 98-02-08 இலக்கப் பணிப்புரை பல வருடமாக நடைமுறையில் உள்ளது. மறுசோதனைக்கான உச்ச இடைவெளி 5 ஆண்டு. எஞ்சின் அதற்கு முன் ஓவர்ஹோலுக்குப் போனால் அப்போதே பார்க்க வேண்டும். பறப்பு மணித்தியாலத்தை மட்டும் கண்காணிக்கும் அட்டவணையில் நாட்காட்டிக் கெடு விழுந்துபோகும். கடற்கரைக்கு அருகிலுள்ள ஓர் ஓடுபாதையில், உப்புக்காற்றில், எரிபொருள் கிடைக்காமலோ மாணவர் குறைந்தோ மாதக்கணக்கில் நிற்கும் விமானத்தில் மணித்தியாலம் ஏறாது, துரு மட்டும் ஏறும்.

ஒளிரும் ஊடுருவுநீர்ச் சோதனையில் எதுவும் தெரியவில்லை, முடிவை நம்பலாமா

பாகத்தின் மீது ஒளிரும் நீர்மத்தைப் பூசி, வெடிப்புக்குள் புகுந்தது புறஊதா ஒளியில் மின்னுகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. எதுவும் தெரியாதது இரண்டு காரணத்தால் இருக்கலாம்: வெடிப்பு இல்லை, அல்லது வெடிப்புக்குள் ஊடுருவுநீர் போகவில்லை. இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு சோதிப்பவரைச் சார்ந்தது. 1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் சூ நகரில் விபத்துக்குள்ளான டி.சி.-10 விமானத்தின் விசிறி டிஸ்க், அதற்கு 760 பறப்புகளுக்கு முன் இதே முறையில் சோதிக்கப்பட்டது. தைட்டானியத்தில் உற்பத்தியின்போதே இருந்த குறையிலிருந்து வளர்ந்த வெடிப்பு அப்போதே ஏறத்தாழ அரை அங்குல நீளமாக இருந்தும் கண்ணில் படவில்லை. 1996 ஜூலை 6இல் பென்சக்கோலாவில் எம்.டி.-88 விமானமொன்றின் விசிறி மையம் உடைந்து இருவர் இறந்தபோதும், துளையிட்ட இடத்தில் தொடங்கிய வெடிப்பு முந்திய சோதனையில் தவறவிடப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த விசாரணையில் எழுந்த கேள்விகளுள் ஒன்று, கழுவிய பாகத்தை வெந்நீரில் தோய்த்து, அதன் சூட்டாலேயே உலரவிடும் வழக்கம் போதுமானதா என்பது.

எங்கள் ஊர் ஈரப்பதத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வெடிப்பின் வாயில் நீர் நின்றால் ஊடுருவுநீர் உள்ளே போகாது. எண்ணெய் நின்றாலும் அப்படியே. ஆகவே முதலில் உலர்த்தலைச் சந்தேகியுங்கள்: அடுப்பின் வெப்பநிலை மட்டுமன்றிப் பாகத்தின் தடித்த மையப்பகுதியும் அந்த வெப்பத்தை எட்டியதா? அடுத்து மேற்பரப்பைப் பாருங்கள். மணலோ சிறு குண்டுகளோ வீசித் துப்புரவாக்கப்பட்ட உலோகத்தில் வெடிப்பின் வாய் மூடி மெழுகப்பட்டிருக்கலாம். பிறகு, தூவிய வெளிக்காட்டும் தூள் துளைகளின் உட்சுவர் வரை படிந்ததா என்று பாருங்கள். தொங்கவிட்ட கனமான பாகத்தின் மறுபக்கமும் ஆழமான துளைகளும்தான் தூள் போகாத இடங்கள். கடைசியாக விளக்கும் கண்ணும்: புறஊதா விளக்கின் செறிவு அன்று அளக்கப்பட்டதா, அறை போதிய இருளாக இருந்ததா, சோதிப்பவர் இருளுக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்ளக் காத்திருந்தாரா. அறிந்த வெடிப்புள்ள மாதிரித் தகட்டை அதே தொட்டிகளில் அதே நாளில் ஓட்டிப் பார்த்த பதிவு இல்லாவிட்டால், 'எதுவும் தெரியவில்லை' என்ற வரியில் கையெழுத்திட நான் தயங்குவேன்.

போரஸ்கோப்பில் பிளேட்டின் ஓரமாக ஒரு கோடு

போரஸ்கோப் என்பது எஞ்சினைப் பிரிக்காமல் உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவி. முதலில் அதன் ஒளியின் கோணத்தை மாற்றுங்கள். நிழல் நகரும், படிவு பளபளப்பு மாறும், வெடிப்பு தன் இடத்தில் தன் வடிவத்தோடு நிற்கும். ரொட்டரைச் சுழற்றிப் பக்கத்துப் பிளேட்டுகளில் அதே இடத்தில் அதே கோடு இருந்தால் அது பெரும்பாலும் பூச்சின் விளிம்பாகவோ வார்ப்புக் கோடாகவோ இருக்கும். தனியொரு பிளேட்டில் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டும். அளவெடுக்கும் முன் முனையைப் பரப்புக்குச் செங்குத்தாகக் கொண்டுவாருங்கள். தேய்த்தோ சுரண்டியோ 'துப்புரவாக்கி'ப் பார்ப்பது கூடாது. படத்தில் பிளேட்டின் இலக்கமும் கடிகார நிலையும் இல்லாவிட்டால், இரவு முறைக்கு மாறிவரும் அணிக்கு அந்தப் படத்தால் பயனில்லை. சில பணிப்புரைகள், எதுவும் கிடைக்காவிட்டாலும் முடிவை உற்பத்தியாளருக்கு அறிவிக்கச் சொல்கின்றன; அந்தப் பந்தியைச் செய்யாமல் விட்டால் பணிப்புரை முழுமையாக நிறைவேறியதாகாது.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, போரஸ்கோப்பிலும் குறையில்லை. ஆனாலும் கழற்றச் சொல்கிறது

விமானத்தை நடத்துபவர்களிடமிருந்து இக்கேள்வி அடிக்கடி வரும், எரிச்சலோடு வரும். 2016 அக்டோபர் 28இல் சிகாகோவில், மேலெழ ஓடிக்கொண்டிருந்த போயிங் 767 விமானத்தின் சி.எஃப்.6-80சி2 எஞ்சினில் டேர்பைன் டிஸ்க் வெடித்துச் சிதறியது. நிக்கல் கலப்புலோகத்தின் உள்ளே, உருக்கும்போதே ஒளிந்துகொண்ட ஒரு மாசுப் புள்ளியிலிருந்து வெடிப்பு தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்க்கும் எந்தக் கமராவுக்கும் அது தெரியாது. 2023 ஜூலையில் அறிவிக்கப்பட்ட பி.டபிள்யூ.1100ஜி எஞ்சின் சிக்கலும் இத்தகையதே: 2015இன் கடைசிக் காலாண்டு முதல் 2021இன் மூன்றாம் காலாண்டு வரை தூள் உலோகத்தால் செய்யப்பட்ட டிஸ்க்குகளில் மாசு கலந்திருக்கலாம் என்பதால், எஞ்சினை இறக்கிப் பிரித்து, சாய்கோண மீயொலியால் சோதிக்க வேண்டியதாயிற்று. உலகெங்கும் ஏ320நியோ விமானங்கள் எஞ்சினின்றித் தரையில் நின்றதற்கு இது பெருங் காரணம். அதிர்வும் வெப்பநிலையும் சரியாக இருப்பது டிஸ்க்கின் உட்பகுதி பற்றி எதுவும் சொல்லாது என்பதை நடத்துபவர்களுக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

சேர்விஸ் புலட்டின் ஒன்று சொல்கிறது, பணிப்புரை வேறு சொல்கிறது

சேர்விஸ் புலட்டின் உற்பத்தியாளரின் அறிவுறுத்தல். இரண்டும் முரண்பட்டால் பணிப்புரையே செல்லும், 39ஆம் பகுதி அதை வெளிப்படையாகவே கூறுகிறது. மாற்றம் செய்யப்பட்ட எஞ்சினில் பணிப்புரை சொன்ன வேலையைச் செய்யவே முடியாதென்றால், அது பொருந்தாது என்று ஒதுக்க இடமில்லை. அதே ஆபத்தை வேறு வழியில் நீக்கும் மாற்று இணக்க முறைக்கு அனுமதி கேட்க வேண்டும். வேறோர் இயக்குநருக்குக் கிடைத்த அனுமதிக் கடிதத்தின் பிரதி உங்கள் விமானத்துக்கு அனுமதியாகாது.

விடுவிப்புச் சான்றிதழ் இருக்கிறது, பாகத்தின் வரலாறு இல்லை

எஃப்.ஏ.ஏ.யின் 8130-3 படிவமோ இயாசாவின் படிவம் 1ஓ, குறித்த வேலை குறித்த நாளில் சரியாகச் செய்யப்பட்டதற்கே சாட்சி. ஆயுள் விதிக்கப்பட்ட டிஸ்க் பிறந்த நாளிலிருந்து எங்கெங்கு ஓடியது என்பதை அது நிறுவாது. முதற் பூட்டலிலிருந்து இன்று வரை இடைவெளியற்ற சங்கிலி தனியாக வேண்டும். சி.எஃப்.எம்.56 எஞ்சின்களுக்குப் போலிச் சான்றிதழ்களோடு உதிரிப்பாகங்கள் விற்கப்பட்ட விவகாரம் 2023இல் வெளியானது. அதன் பின், சான்றிதழில் கையெழுத்திட்ட நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்பு கொண்டு, படிவ இலக்கம் அவர்களுடையதா என்று கேட்பது வழக்கமாகிவருகிறது. விற்றவரிடம் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. சந்தேகம் நீங்கும் வரை பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டிப் பூட்டிய தட்டில் வையுங்கள்; நல்ல பாகங்களோடு ஒரே தட்டில் வைத்தால் ஓர் அவசர இரவில் யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்.

கெடு முடிந்துவிட்டது, விமானம் சோதனைக்கூடம் இல்லாத இடத்தில் நிற்கிறது

பயணிகளோடு பறக்க முடியாது. பணிப்புரையே தடுத்திருந்தாலன்றி, திருத்தும் இடத்துக்கு மட்டும் கொண்டுசெல்ல விசேட பறப்பு அனுமதி கேட்கலாம். 4ஆர் விமானத்துக்கு அதைக் கொடுக்க வேண்டியது இலங்கை அதிகாரசபை. 'அடுத்த பறப்புக்கு முன்' என்று எழுதப்பட்ட பணிப்புரையில் இந்த வாயில் பெரும்பாலும் மூடியிருக்கும், ஆகவே விண்ணப்பிக்கும் முன் அதன் கடைசிப் பந்திகளை வாசியுங்கள். மாலே நகரில் நிற்கும் விமானத்தைக் கட்டுநாயக்கவுக்கோ, இங்கிருந்து சென்னைக்கோ கொண்டுசெல்வதானால், வழமையான பறப்புத் தகுதிச் சான்றிதழ் செல்லாத நிலையில் பறப்பதால், புறப்படும் நாடும் கடந்து செல்லும் நாடும் இறங்கும் நாடும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். இந்தச் சம்மதங்கள் வார இறுதியில் வருவதில்லை. விண்ணப்பத்தோடு பணிப்புரையின் பிரதி, பாகத்தின் தொடர் இலக்கம், கெடுவைத் தாண்டிய சைக்கிள் எண்ணிக்கை, அண்மைய சோதனை முடிவு, எஞ்சின் அதிர்வுப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால், அதிகாரி திருப்பிக் கேட்கும் கேள்விகள் குறையும்.